ஒரு சின்ன வண்டும் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோலும்

திருகோணமலைப் பக்கத்துக் காடுகளுக்குள் பூச்சி, ஊர்வன, செடி கொடி என்று எதையாவது தேடி ஆய்வு செய்யப் புறப்படுகிற பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் தொடங்கியபோது இந்த விஷயங்களை யாராவது பக்கத்தில் இருத்திச் சொல்லியிருந்தால் ஒரு முழு வருடம் மிஞ்சியிருக்கும். காசும் மிஞ்சியிருக்கும். வீட்டில் எல்லோரும் எனக்கு ஆதரவுதான், ஆனால் இந்த வேலையில் எது சரி, எது சரிவராது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. எனக்கு முன்னால் இந்த மாவட்டத்தில் வண்டு பார்த்தவர் என்று கேட்டுத் திரிந்தும் ஒருவரும் அகப்படவில்லை. பட்டதெல்லாம் தனியாகப் பட்டதுதான்.

நான் தேடியது ஒரு சாணி வண்டு. சாணி வண்டுகள் பிழைக்கிற விதம் மூன்று. சில, விழுந்த சாணிக்குள்ளேயே இருந்து தின்று அதற்குள்ளேயே முட்டையிடும். சில, சாணிக்கு நேர் கீழே சுரங்கம் தோண்டி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். உலகத்தில் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள ஒந்தோபேகஸ் சாதி (சாதி என்பது நெருங்கிய இனங்களின் கூட்டம்) இந்த வகை. மிச்சம் உள்ளவைதான் உருண்டை பிடித்து உருட்டிக்கொண்டு போய்ப் புதைப்பவை. அந்த உருட்டுகிற வகையில் சிறிய உடம்புள்ள சிசிபஸ் சாதி வண்டொன்றின் பின்னால்தான் நான் அலைந்தேன். ஒரு சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். மங்கின கறுப்பு, கட்டையான உடம்பு, பின்கால்கள் மட்டும் சிலந்தியின் கால்கள் மாதிரி நீண்டு வளைந்திருக்கும். இந்தச் சாதி ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உண்டு. முதன்முதலில் நான் அதைக் கண்டது கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அப்பால் உள்ள காட்டுப் பாதையில். ஒரு சோடி. ஒன்று முன்னாலிருந்து இழுக்க மற்றது பின்னாலிருந்து தள்ள, ஒரு சின்ன உருண்டை சருகுக்கு மேலால் ஏறி இறங்கிப் போனது. அன்றைக்கே இதுதான் என் ஆய்வு என்று முடிவெடுத்துவிட்டேன்.

எனக்கு மேற்பார்வையாளராக இருந்த சேர் கேட்ட கேள்வி நேரானது. இது காட்டு நிழலில் மட்டும்தான் இருக்கிறதா, மாடு மேய்கிற வெளியிலும் இருக்கிறதா? மாவட்டத்தில் எங்கெங்கே இருக்கிறது? வாழிடமும் பரம்பலும், அவ்வளவுதான். ஒரு மாரியில் முடித்துவிடலாம் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

முதலில் பழைய பதிவுகளைத் தேடினேன். இந்தப் பக்கத்துச் சாணி வண்டுகளுக்கு இன்றைக்கும் எல்லோரும் திறந்து பார்க்கிற நூல் பூச்சியியலாளர் கில்பர்ட் அரோ 1931இல் எழுதிய தொகுதி. அதுபோன்ற நூல்களுக்கு ஆதாரமான பழைய மாதிரி வண்டுகளில் பலவற்றோடு இருக்கிற, பிடித்த இடம் எழுதிய சீட்டில் வெறுமனே ‘சிலோன்’ என்று மட்டும் இருக்கும். ‘ட்ரிங்கோமலி’ என்று இருந்தாலும் அது நகரமா, துறைமுகமா, சுற்றுவட்டாரமா என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மாறாக 1970களில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகக் கார்ல் க்ரோம்பைன் குழுவினர் இலங்கை முழுவதும் பூச்சி சேகரித்தபோது, எங்கள் சீனக்குடாவில் ரிட்ஜ் பங்களா என்ற இடத்தைப் பெயர் சொல்லி, கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி, எந்தத் திகதி என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் அந்தச் சீட்டோடு அதே மேட்டில் போய் நிற்கலாம். நீங்கள் எழுதப்போகிற சீட்டும் அப்படித்தான் இருக்கவேண்டும். கைபேசியிலுள்ள ஜிபிஎஸ் காட்டுகிற அகலாங்கு, நெட்டாங்கு போதும். பாகை, கலை, விகலை என்று ஒரு நாள், தசமத்தில் ஒரு நாள் என்று மாற்றி மாற்றி எழுதாமல் தசமத்திலேயே எழுதுங்கள். கூடவே பக்கத்து ஊர், வீதி, குளம் ஏதாவது ஒன்றின் பெயரையும் எழுதுங்கள். ஓர் இலக்கம் மாறி விழுந்தால் உங்கள் வண்டு கொட்டியாரக் குடாக் கடலுக்குள் போய்விடும். ஊர்ப் பெயர் இருந்தால் பிறகாவது திருத்தலாம்.

அடுத்தது அனுமதி. இதில்தான் என் முதல் மாரி போனது. காடு எல்லாம் பார்வைக்கு ஒரே காடுதான், ஆனால் சட்டத்தில் அப்படியில்லை. புறாத்தீவு, சோமாவதி போன்ற தேசியப் பூங்காக்களும் சேருவில – அல்லை போன்ற சரணாலயங்களும் வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. ஒதுக்குக் காடுகள் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. கடற்படை, இராணுவ வளவுகளுக்குள் உள்ள காடு வேறு கதை. மாடு மேய்கிற இடம் தனியார் காணியாகவோ பிரதேச செயலகத்தின் கீழ் உள்ள அரச காணியாகவோ இருக்கும். நீங்கள் பொறி வைக்கிற வரிசை ஒன்று இருநூறு மீற்றருக்குள் இந்த எல்லைகளில் இரண்டைத் தாண்டிவிடலாம். நான் 2021 ஓகஸ்டில் விண்ணப்பித்தேன். அந்த மாதம் 20ஆம் திகதி கொரோனாவால் நாடு முடங்கி ஒக்டோபர் 1ஆம் திகதிதான் திறந்தது. அதற்குப் பிறகு கேள்வி, பதில், இன்னொரு கடிதம் என்று இழுபட்டு, கையில் தாள் வந்தபோது 2022 மாசி மாதம். மழை ஓய்ந்துவிட்டது. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டதை இப்போது நினைத்தாலும் மனது கனக்கிறது. கையில் அனுமதி இருந்தது, காட்டில் வண்டு இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு விளங்கிக்கொண்டேன். 2020 மே மாதம் யால வனத்தில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைச் சாடிகளில் அடைத்து வைத்திருந்த இரண்டு இத்தாலியர்கள் பிடிபட்டு, பிறகு நீதிமன்றம் அவர்களுக்கு 6 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வண்டும் வண்ணத்துப்பூச்சியும் வெளிநாட்டில் விலைபோகிற பொருள். காட்டுக்குள் சாடியோடு நிற்கிற ஆளைப் பார்த்தால் உத்தியோகத்தருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆகவே மூலக் கடிதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பிரதிகளை எப்போதும் கூடக் கொண்டுபோங்கள். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. சிங்களக் கடிதம் இல்லாமல் ஒரு சோதனைச் சாவடியில் அண்ணாவும் நானும் வெயிலில் நின்றது எனக்கு மறக்காது. பையில் சாராய மணம் வீசும் போத்தல்கள், வாளியில் சாணி. எதற்கு என்று இளம் சிப்பாய்க்கு விளங்கப்படுத்த என்னிடம் இருந்த சிங்களம் போதவில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது ‘மாதிரியை அனுப்பு, இனம் கண்டு தருகிறேன்’ என்று மின்னஞ்சல் போட்டால் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் அனுப்பாதீர்கள். அதற்கும் தனி அனுமதி வேண்டும். படம் எடுத்து அனுப்புங்கள்.

சரி, மாசியில் அனுமதி வந்தது, பங்குனியில் பொறி வைத்தேன். கன்னியாப் பக்கத்துப் பாலையும் வீரையும் சாவண்டலையும் நிற்கிற காட்டுக்குள் குழி தோண்டிக் கோப்பை புதைத்து, மேலே புதுச் சாணி கட்டி, ஒழுங்காகத்தான் வைத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் எறும்பு. மறுபடி எறும்பு. எப்போதாவது ஓர் ஒந்தோபேகஸ். நான் முதன்முதல் கண்ட அதே பாதையிலும் ஒன்றும் இல்லை. காடு வெட்டப்பட்டதால் போய்விட்டதோ, மருந்தால் செத்துவிட்டதோ என்று இராத்திரி நித்திரை இல்லாமல் யோசித்தேன். அந்த நேரம் மின்வெட்டும் சேர்ந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. இருட்டில் விசிறி இல்லாமல் இருந்து, தலைப்பை மாற்றச் சொல்லிக் கேட்டுச் சேருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன்.

அந்தக் கடிதத்தை அனுப்பாமல் காப்பாற்றியவர் தம்பலகாமத்தில் மாட்டுப் பட்டி வைத்திருக்கிற ஒரு வயதான ஐயா. சாணி கேட்டுப் போன இடத்தில் எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன். ‘மகள், இப்ப வந்து தேடினா என்ன கிடைக்கும்? மண் கல்லாக் கிடக்கு. ஐப்பசி மழை ரெண்டு விழட்டும். மாடு சாணி போட்டுக் கால் எடுக்க முதலே வந்து மொய்க்கும்’ என்றார். அவ்வளவுதான். நூல்களில் உலர்ந்த நாடுகளின் சாணி வண்டுகளைப் பற்றி இதே விஷயம் இருக்கிறது: வரண்ட மாதங்களில் மண்ணுக்குள் அடங்கிக் கிடந்து, மழையில் மண் இளகியதும் வெளியே வருகின்றன. உருண்டைக்குள் வளர்ந்த குஞ்சு வண்டும் ஈரம் வந்த பிறகே உடைத்துக்கொண்டு மேலே வரும். எங்கள் மாவட்டம் உலர் வலயம். ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவு, அதில் பெரும் பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மண்ணை உலர்த்தி எடுத்துவிடும். இந்த நாட்டின் ஈரவலயத்துக் காட்டில் எழுதப்பட்ட ஒரு வேலைத் திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது. ஆகவே எந்த இடம் என்று யோசிக்க முதல் எந்த மாதம் என்று யோசியுங்கள். மாரிக்கு ஆயத்தமாக வேண்டுமென்றால் அனுமதி விண்ணப்பம் அந்த வருடம் தையிலேயே போகவேண்டும்.

அப்புறம் பெற்றோல் தட்டுப்பாடு. 2022 ஜூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் 470 ரூபாய் ஆனது. அடுத்த நாள் தொடக்கம் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். வரிசையில் நின்று நின்று அண்ணாவுக்கு வேலை போன நாட்கள் தனி. கறுப்புச் சந்தையில் ஒரு போத்தலை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன், அதிலும் மண்ணெண்ணெய் கலந்திருந்ததோ என்னவோ, மோட்டார் சைக்கிள் திக்கித் திணறியது. பிறகு கைபேசியில் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் பெற்றோல் வாங்குகிற கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த 4 லீற்றரோடுதான் நான் எதிர்பார்த்துக் கிடந்த மாரி வந்தது.

கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து கந்தளாய்க் காட்டோரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். பொறி வைக்கப் போய்த் திரும்ப 80, எடுக்கப் போய்த் திரும்ப 80. எங்கள் மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 40, 45 ஓடும். கந்தளாய்க்கு ஒரு தடவை போனால் அந்தக் கிழமை முடிந்தது. அதே பெற்றோலில் கன்னியாவுக்கு எத்தனையோ தடவை போய்வரலாம். ஆகவே கன்னியா, ஆண்டாங்குளம், சாம்பல்தீவு என்று பக்கத்திலேயே சுற்றினேன். அந்த மாரியில் வண்டு வந்தது. முதல் பெருமழைக்குப் பின் கன்னியாப் பொறியைத் தூக்கியபோது நீண்ட பின்காலோடு நாலைந்து கிடந்ததைக் கண்டு நான் அழுதேவிட்டேன். பக்கத்தில் நின்ற அண்ணா பாம்பு கடித்துவிட்டதென்று பயந்து ஓடிவந்தார்.

மார்கழி கடைசியில் வரைபடம் போட்டேன். வடமேற்கே கன்னியாவைச் சுற்றிப் புள்ளிகள் கும்பலாக விழுந்தன, தெற்கே ஒன்றோ இரண்டோ, மூதூர்ப் பக்கம் வெறுமை. சேர் தொலைபேசியில் ஆர்வமாகக் கேட்டார், கந்தளாய்ப் பக்கம் இது அரிதுபோலத் தெரிகிறதே, மண் வித்தியாசமா என்று. எனக்குச் சொண்டு உலர்ந்துபோனது. அந்த வரைபடத்தில் தெரிந்தது வண்டு போய் எட்டிய எல்லை என்று நானும் ஒரு நிமிடம் நம்பியிருந்தேன். உற்றுப் பார்த்தால் அது எங்கள் மோட்டார் சைக்கிள் போய் எட்டிய எல்லை. புள்ளிகளுக்கு மேலால் 4 லீற்றர் என்று ஒரு வட்டம் கீறினால் அப்படியே பொருந்தியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதை எழுதுவதே இதற்காகத்தான். பரம்பல் வரைபடத்தில் ஒரு வெற்றிடம் இருந்தால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். போய்த் தேடியும் அகப்படவில்லை, அல்லது யாரும் போகவே இல்லை. இரண்டையும் பிரித்துக் காட்டுகிற ஒரே பொருள் வெறும் பொறியின் பதிவு. எறும்பு மட்டும் விழுந்த கோப்பைக்கும் ஒரு வரி எழுதவேண்டும்: இடம், திகதி, எத்தனை மணித்தியாலம் இருந்தது, மழை பெய்ததா, வண்டு 0. பங்குனியில் நான் மனமுடைந்துபோய் எடுத்த அந்த வெறும் கோப்பைகளின் கணக்குத்தான் பிறகு என் ஆய்வில் பெறுமதியான பகுதியானது. அதே இடத்தில், அதே சாணியில், பங்குனியில் இல்லை, கார்த்திகையில் உண்டு என்று காட்ட அது மட்டும்தான் இருந்தது. ஓர் இடத்துக்கு ஒரே மாரிக்குள் திரும்பத் திரும்பப் போகவும் வேண்டும். ஒரு தடவை போய் அகப்படாததை வைத்து ‘இல்லை’ என்று எழுத முடியாது. பல தடவை போன பதிவு இருந்தால் இருந்தும் அகப்படாமல் போகிற வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட வழி இருக்கிறது. பத்து இடத்துக்கு ஒரு தடவை போவதைவிட நாலு இடத்துக்குப் பல தடவை போவது மேல் என்பது என் முடிவு. இதில் எல்லோரும் என்னோடு உடன்படமாட்டார்கள், பரவாயில்லை.

அடுத்த மாரிக்கு, பெற்றோலுக்கு ஏற்ற மாதிரி இடத்தைத் தெரிவதை விட்டு, பஸ் போகிற வழியைப் பார்த்து இடம் தெரிந்தேன். கந்தளாய் வீதியில் கண்டி பஸ், அநுராதபுரம் வீதியில் ஹொரவப்பொத்தானை பஸ், வடக்கே புல்மோட்டை பஸ். மூன்று வீதியிலும் ஒரே அளவு தூர இடைவெளியில் காடு, காட்டோரம், மேய்ச்சல் வெளி என்று மூன்றும் அருகருகே உள்ள இடங்களைக் குறித்துக்கொண்டேன். மூடி இறுக்கமான பெயின்ற் வாளி ஒன்றில் சாணி கொண்டுபோனேன். சில கண்டக்டர்மார் ஏற்றமாட்டேன் என்றார்கள், அவர்களோடு வாதாடக்கூடாது, அடுத்த பஸ்ஸில் ஏறலாம். இந்த ஒழுங்கை அந்த 4 லீற்றர் மாரியிலேயே செய்திருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். 2022இல் பஸ்ஸே ஒழுங்காக ஓடவில்லை என்பதை இங்கே இருந்தவர்கள் அறிவார்கள்.

சாணியைப் பற்றி ஒரு விஷயம். பெரும்போக வயல் விதைத்ததும் எங்கள் பக்கத்தில் பட்டிகளை வயலோரத்தில் வைத்திருக்க முடியாது, காட்டுப் பக்கத்து மேய்ச்சலுக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அதாவது, மழை வருகிற அதே மாதங்களில் மாட்டுச் சாணியும் காட்டுக்குள் வருகிறது. வண்டு வெளியே வந்தது ஈரத்துக்கா, வந்து குவிந்த சாணிக்கா என்று ஆய்வில் கேட்பார்கள். பட்டி எந்தக் கிழமை எந்தப் பக்கம் போனது என்று பட்டிக்காரரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தால்தான் பதில் சொல்லலாம். இன்னொன்று, மாட்டுக்குக் கிட்டடியில் பூச்சி மருந்து ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணியில் அந்த மருந்து கழிந்து வரும், சாணியில் வளரும் வண்டுக் குஞ்சுகளைக் கொல்லும். வளர்ந்த வண்டுகள் அந்தச் சாணிக்குக் கூடுதலாக வருகின்றன என்றும் குறைவாக வருகின்றன என்றும் இரண்டு விதமாகவும் ஆய்வுகள் உண்டு, ஆகவே எந்தப் பக்கம் சாயும் என்று நம்ப முடியாது. ஊசி போடாத ஒரே பட்டியிலிருந்து விடியற்காலைச் சாணி எடுத்து, ஒரே வாளியில் நன்றாகப் பிசைந்து, எல்லாப் பொறிக்கும் ஒரே நிறையில் கட்டுங்கள். தம்பலகாமத்து ஐயாவுக்கு நான் காசு கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. தயிர்ச் சட்டி ஒன்றும் தந்து அனுப்பினார்.

பொறி செய்ய விலையான சாமான் தேவையில்லை. அகலமான யோகட் கோப்பை, வாய் மண்ணோடு மட்டமாக இருக்கும்படி புதைக்க வேண்டும். உள்ளே சவர்க்காரம் துளி விட்ட தண்ணீர். அது தண்ணீரின் மேற்பரப்பு இழுவையைக் குறைக்கும், விழுந்த வண்டு அமிழ்ந்துவிடும். சாணியை மெல்லிய துணியில் முடிந்து வாய்க்கு மேலே குச்சியில் கட்ட வேண்டும். அதற்கு மேல் மழைக்குக் கூரையாகப் பிளாஸ்ரிக் தட்டு. எங்கள் மாரியில் இந்தத் தட்டு இல்லாவிட்டால் ஓர் இராத்திரியிலேயே கோப்பை நிரம்பி எல்லாம் வழிந்துவிடும். கோப்பையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஊசியால் சில துளைகள் போட்டு வையுங்கள். காட்டுப் பன்றியும் நாயும் உடும்பும் கிளறாமல் இருக்கக் கோழிக்கூட்டுக் கம்பிவலையைக் கவிழ்த்துக் கல் வைத்தேன். பொறிக்குப் பொறி குறைந்தது 50 மீற்றர் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் மணம் மற்றதன் வண்டை இழுத்துவிடும். பகலில் பறப்பவையும் இரவில் பறப்பவையும் உண்டு என்பதால் ஒரு முழு இரவு பகல் இருக்கவேண்டும்.

யானைக்கு மட்டும் கம்பிவலை இல்லை. கந்தளாய்ப் பக்கத்தில் ஒரு வரிசை முழுவதையும் மிதித்துச் சேறாக்கிவிட்டுப் போயிருந்தது, லத்தியின் சூடு ஆறவில்லை. அண்ணா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீதி வரை பேசாமல் நடந்தார். அன்றைக்கு வந்த பயம் பிறகு முழுதாகப் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகு உள்ளே போய், பின்னேரம் 3 மணிக்கு முதல் வெளியே வந்துவிடுங்கள். போகிற ஊரில் யானை இரவு எந்தப் பக்கம் நின்றது என்று தேத்தண்ணீர்க் கடையில் விசாரியுங்கள். அதைவிடச் சரியான தகவல் வேறெங்கும் கிடைக்காது. தனியாகப் போகாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டுமென்று இதைச் சொல்லவில்லை. கூட வருகிறவருக்குச் சாப்பாடும் நாட்கூலியும் கணக்கில் போடுங்கள். என் வரவுசெலவில் அந்த வரியே இருக்கவில்லை, ஆனால் அண்ணா இழந்த கூலிதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. பெற்றோல், சாமான், போத்தல், பிரதி எடுத்தது, பஸ், அண்ணாவின் கூலி எல்லாம் சேர்த்தால் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குக் கிட்ட வரும். பின்னேரம் ஓ-எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துத்தான் அதில் பாதியைத் தேடினேன்.

பிடித்த வண்டைக் காப்பாற்றுவது அதைப் பிடிப்பதை விடக் கஷ்டம். மாரி ஈரத்தில் ஊசியில் குத்தி உலர வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், பெட்டிக்குள் எறும்பு போகும். மழை முடியும்வரை மதுசாரத்திலேயே வையுங்கள். மரபணு பார்க்கும் எண்ணம் இருந்தால் 95 வீத எதனோல் வேண்டும். அதைக் கடையில் நினைத்தவுடன் வாங்க முடியாது, பல்கலைக்கழகம் ஊடாக முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயே போடுங்கள். நான் பார்த்த ஒரு பழைய சேகரிப்பில் மை கரைந்து வெள்ளைத் தாளாகிப்போன சீட்டுகளோடு வரிசை வரிசையாக வண்டுகள் இருந்தன. எங்கே பிடித்தது என்று தெரியாத வண்டால் பரம்பல் ஆய்வுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பார்க்கவே வயிறு எரிந்தது. இனப் பெயர் எழுத அவசரப்படவும் வேண்டாம். பல சாணி வண்டுகளில் ஆண் வண்டின் உள்ளுறுப்பைப் பிரித்து நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டுத்தான் இனத்தை உறுதிசெய்கிறார்கள். அதுவரை சாதிப் பெயரோடு ஓர் இலக்கம் கொடுத்து எழுதினால் ஒரு குறையும் இல்லை.

அந்தப் பஸ் வழி மாரியில் என் கோப்பைகள் சொன்னது இதுதான்: நிழல் இருக்கிற இடத்தில் விழுந்தது, காட்டோரத்தில் அங்கொன்று இங்கொன்று, வெட்டவெளி மேய்ச்சலில் ஒந்தோபேகஸ் குவிய இது விழவில்லை. வீதியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதோடு ஒட்டிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தலைக்கு மேல் மரக்கிளைகளின் விதானம் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதோடுதான் எண்ணிக்கை ஏறி இறங்கியது. வெளியில் போட்ட சாணி வெயிலில் மேலே பொருக்குக் கட்டி உலர்ந்துவிடுகிறது, காட்டுக்குள் நீண்ட நேரம் ஈரமாக இருக்கிறது. உருண்டை பிடிக்கிற சின்ன உடம்புக்கு அது பெரிய வித்தியாசம் என்று நினைக்கிறேன். கந்தளாய்க் காட்டிலும் இருந்தது. அரிது என்று நானும் சேரும் எழுத இருந்த இடத்தில்.

மூதூருக்குத் தெற்கே, சேருவில – அல்லை, ஈச்சிலம்பற்று, வெருகல் ஆற்றோரத்து மருத மர நிழல், இவ்வளவும் என் வரைபடத்தில் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. அவற்றைச் சாம்பல் நிறத்தில் தீட்டி, ‘தேடப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளை யாராவது செய்வதாக இருந்தால் தையிலேயே விண்ணப்பத்தைப் போடுங்கள். என் பொறிக் கணக்குப் புத்தகத்தின் பிரதியை, வெறும் கோப்பைப் பக்கங்களோடு சேர்த்து, அப்படியே தருகிறேன்.